கேளுங்க, சொல்றேன்: நியூயார்க்குக்கு நூல் பிடிச்ச கதை

போன மாசம் டிக்கெட் விலை பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல ஃப்ளைட் கேள்விதான். வருஷக் கடைசி ஸ்கூல் லீவு வருதுல்ல, எல்லாருக்கும் ஊர் ஞாபகம். நான் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல ஒரு டிராவல் ஏஜென்சில 22 வருஷம் டிக்கெட் போட்டவன்ங்கிறதால ஆசிரியர் மொத்தத்தையும் தூக்கி என் தலையில கட்டிட்டார். சரி, ஒண்ணொண்ணா பாப்போம்.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பொண்ணு நியூயார்க்ல இருக்கா, ஜனவரியில பிரசவம். நான் முதல் தடவையா தனியா போறேன். ஹால்ல மாட்டியிருக்கிற உலக மேப்ல என் வீட்டுக்காரர் ஸ்கேல் வச்சு கோடு போட்டு ஆப்பிரிக்கா மேல போகும்ங்கிறார். பையன் வட துருவத்து மேலங்கிறான். மாப்பிள்ளை போன்ல ஜப்பான் பக்கமா வரும் அத்தைங்கிறார். யார் சொல்றது சரி? எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? (அங் மோ கியோ வாசகி)

அக்கா, முதல்ல வாழ்த்து. அடுத்து, வீட்டுக்காரர்கிட்ட இருந்து அந்த ஸ்கேலைப் பிடுங்கி வைங்க.

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு நானே வீட்ல ஒரு வேலை பண்ணேன். பையன் பிரைமரி ஸ்கூல்ல படிச்சப்ப வாங்கின பழைய குளோப் ஒண்ணு அலமாரி மேல தூசி படிஞ்சு கிடந்துச்சு. அதை இறக்கி, தேக்கா மார்க்கெட்ல வீட்டுக்காரம்மா வாங்கிட்டு வந்த மல்லிப்பூ கட்டியிருந்த நூலை உருவி, ஒரு முனையை சிங்கப்பூர் புள்ளியில கட்டைவிரலால அழுத்திக்கிட்டு இன்னொரு முனையை நியூயார்க் வரைக்கும் இழுத்து டைட்டா பிடிச்சேன். நூல் எங்க போச்சு தெரியுமா? ஆப்பிரிக்கா பக்கமே போகல. தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியான்னு நேரா வடக்க ஏறி, குளோப் உச்சியில இருக்கிற அந்த ஸ்க்ரூல போய் இடிச்சு நின்னுச்சு. ஸ்க்ரூவைச் சுத்தி லேசா ஒதுக்கி விட்டா, அந்தப் பக்கம் கனடா வழியா இறங்கி நியூயார்க். அதாவது உங்க பையன் சொன்ன வட துருவம்.

ஏன் இப்படின்னா சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104 டிகிரி, நியூயார்க் மேற்கு 74 டிகிரி. கூட்டினா 178. 180 வந்தா சரியா எதிரெதிர் பக்கம்னு அர்த்தம், நமக்கு ரெண்டே டிகிரிதான் குறையுது. எதிர்ப்பக்கத்துக்குப் போக உருண்டையில கிட்டத்து வழி உச்சி வழிதான். தட்டையா விரிச்ச மேப்ல அந்த உச்சிங்கிற ஒரு புள்ளியையே மேல் ஓரம் முழுக்க இழுத்து கோடா ஆக்கிடறாங்க, அதனால ஸ்கேல் வச்ச மனுஷனுக்கு அந்த குறுக்கு வழி கண்ணுக்கே தெரியாது. அவர் போட்ட கோடு இலங்கை, சஹாரா, அட்லாண்டிக்னு போய் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிடும். நூல் காட்டின வழி எவ்வளவுன்னு நீங்களே மனக்கணக்கு போடலாம். நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேல, அங்கேருந்து துருவம் 89 டிகிரி. நியூயார்க் 41வது டிகிரியில, துருவத்துல இருந்து இறங்கினா 49. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினா 15,318. நியூயார்க்ல இருக்கிற ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு புத்தகத்துல போடற தூரம் 15,349. கோப்பிக்கடையில டிஷ்யூ பேப்பர்ல போட்ட கணக்குக்கு 31 கிலோமீட்டர் பிசகு, அது ஜூரோங்ல இருந்து சாங்கி போற தூரம்தான், போகட்டும் விடுங்க.

உங்க வீட்டுக்காரர் கோட்டுக்கும் நூலுக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் வருது பாருங்க, இங்கேருந்து சென்னைக்குப் போற தூரம் அது. சும்மா கூடுதலா ஒரு சென்னை.

ஆனா பையனையும் ரொம்ப குதிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நூல் காட்டற வழியில ஃப்ளைட் போகணும்னு கட்டாயம் இல்ல. நீங்க போறப்ப அனேகமா மாப்பிள்ளை சொன்னபடி ஜப்பான் பக்கமா பசிபிக் மேலதான் போவீங்க. காரணம் காத்து. பத்து, பதினொரு கிலோமீட்டர் உசரத்துல மேற்குல இருந்து கிழக்க ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. ஜனவரி மாதிரி குளிர்காலத்துல ஜப்பானுக்கு மேல அது மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்துல எல்லாம் ஓடும். அதுல ஏறிக்கிட்டா கொஞ்சம் சுத்து வழியா இருந்தாலும் சீக்கிரம் போய்டலாம், எண்ணெயும் மிச்சம். (இந்தக் காத்தை 1920கள்ல பலூன் விட்டு அளந்து முதல்ல கண்டுபிடிச்சவர் ஓயிஷி வாசாபுரோன்னு ஒரு ஜப்பான்காரர். உலகம் முழுக்க படிக்கட்டும்னு ஆசைப்பட்டு 1926ல எஸ்பெராண்டோ மொழியில ரிப்போர்ட் எழுதினார், அது பொதுமொழின்னு சொல்லி உருவாக்கின மொழி. அதனாலயே வெளிநாட்டுல அதிகம் பேர் படிக்கல. பாவம் மனுஷன்.) அதோட நூல் வழி சைபீரியா மேல போகுது, 2022ல இருந்து நிறைய ஏர்லைன் ரஷ்யா மேல பறக்கறதைத் தவிர்க்கறாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் திரும்பி வர்றப்பதான் இருக்கு. நியூயார்க் நமக்கு எதிர்ப்பக்கம்ங்கிறதால எந்தப் பக்கமா வந்தாலும் தூரம் பெருசா மாறாது. அதனால சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியா கிழக்கயே ஓட்டிட்டு வந்துடுவாங்க. போறப்பவும் கிழக்கு, வர்றப்பவும் கிழக்கு, ரெண்டு தடவையும் முதுகுல காத்து. பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வர்ற சாக்குல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்திருப்பீங்க, வீட்டுக்காரர் ஸ்கேலோட ஹால்ல உக்காந்திருப்பார்.

நேரம்: டைம்டேபிள்ல பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல போட்டிருப்பாங்க, காத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்னபின்ன வரும். இப்போதைக்கு உலகத்துல ரொம்ப தூரம் நிக்காம போற பயணிகள் ஃப்ளைட் இதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004லயே ஏ340-500 விமானம் வச்சு நியூயார்க்குக்குப் பக்கத்துல இருக்கிற நியூவார்க்குக்கு ஆரம்பிச்சாங்க, நாலு இன்ஜின் எண்ணெய் குடிச்சே கட்டுப்படியாகாம 2013ல நிறுத்திட்டாங்க. அப்புறம் 2018 அக்டோபர்ல ஏ350-900 யூஎல்ஆர் (ரொம்ப தூரம் பறக்கறதுக்குன்னே செஞ்ச ரகம்) வாங்கி திரும்பவும் தொடங்கினாங்க, ஜேஎஃப்கேவுக்கு 2020 நவம்பர்ல இருந்து. இதுல 1,65,000 லிட்டர் வரைக்கும் எண்ணெய் நிரப்பலாம். அவ்வளவு எண்ணெய் தூக்கணும்னா ஆளைக் குறைக்கணும்ல, அதான் மொத்தமே 161 சீட், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையவே கிடையாது. இதைத் தெரிஞ்சுக்காம விலையைப் பார்த்துட்டு நெஞ்சைப் பிடிச்சவங்களை நான் கவுண்டர்ல நிறைய பார்த்திருக்கேன். ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு போற ஃப்ளைட்ல எகானமி உண்டு, நேரம் கூடும், ஆனா நடுவுல எறங்கி காலை நீட்டி நடக்கலாம். தனியா போறீங்க, முட்டி வலி இருந்தா டிக்கெட் போடறப்பவே வீல்சேர் சொல்லி வச்சிடுங்க, கூச்சப்படாதீங்க. உக்காந்தே இருக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடங்க.

பொண்ணுக்கு போன் பண்ற கணக்கு: ஜனவரியில அவங்க நமக்கு 13 மணி நேரம் பின்னாடி. மார்ச்ல அவங்க கடிகாரத்தை மாத்தினதும் 12 ஆகிடும், அப்புறம் கணக்கே வேண்டாம், இங்க காலை எட்டுன்னா அங்க முந்தின நாள் ராத்திரி எட்டு.

கேள்வி: ஐயா, நான் இங்க கப்பல் பட்டறையில வேலை பாக்கறேன். திருச்சிக்கு டிக்கெட் போட்டேன். போறப்ப ராத்திரி 8:00 கிளம்பி 9:30க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு, வர்றப்ப ராத்திரி 11:15 கிளம்பி காலையில 6:15. போக ஒன்றரை மணி நேரம், வர ஏழு மணி நேரமா? ரூம்ல எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. (துவாஸ் வாசகர்)

தம்பி, ரெண்டு நேரமும் அந்தந்த ஊர் கடிகாரம். இந்தியா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. போறப்ப ஒன்றரையோட ரெண்டரையைக் கூட்டு, நாலு. வர்றப்ப ஏழுல ரெண்டரையைக் கழி, நாலரை. அவ்வளவுதான். தூரம் சென்னைக்கு 2,900 கிலோமீட்டரை ஒட்டி, திருச்சிக்கு அதைவிட கொஞ்சம் கூட. தெற்க இருக்கே, திருச்சிதானே கிட்டன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா திருச்சி மேற்கயும் தள்ளியிருக்கு, அதை மறந்துடறாங்க.

இந்தக் கணக்குல நானே ஒரு தடவை மாட்டியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பெரியவர் தன் சம்சாரம் சென்னையில இருந்து எப்ப வருவாங்கன்னு கேட்டார், நான் பெரிய புத்திசாலி மாதிரி டிக்கெட்ல இருந்த இறங்கற நேரத்துல இருந்து இன்னொரு தடவை ரெண்டரை மணி நேரம் கழிச்சு சொல்லிட்டேன். மனுஷன் விடியக்காலை மூணே முக்காலுக்கு சாங்கி ஏர்போர்ட்ல போய் நின்னுட்டார். அப்புறம் கடைக்கு வந்தார். திட்டல. ஒரு பாக்கெட் முறுக்கை மேஜையில வச்சிட்டு, "தம்பி, டிக்கெட்ல இருக்கிறதை அப்படியே படிச்சாலே போதும்யா"ன்னுட்டுப் போனார். அந்த முறுக்கு தொண்டையில எறங்கவே இல்ல. அன்னையில இருந்து இறங்கற நேரத்தை யார் கேட்டாலும் அச்சடிச்சதை அப்படியே படிச்சுக் காட்டறதோட சரி.

வயசானவங்க "அப்பல்லாம் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்"னு சொன்னா சிரிக்காதீங்க, அவங்க சொல்றது நிஜம். 1982 ஜனவரி 1ல இருந்துதான் சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி நேரம் முன்னாடி போச்சு. மலேசியா, தீபகற்பம் ஒரு பக்கம், சபா சரவாக் ஒரு பக்கம்னு இருக்கிற தன்னோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துக்கு கொண்டுவந்துச்சு, நாமளும் கூடவே மாத்திக்கிட்டோம். சூரியக் கணக்குப்படி பார்த்தா நாம பாங்காக் நேரத்துல இருக்கவேண்டிய ஊரு. காலையில ஏழு மணிக்குத்தான் இங்க விடியுது, ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்களைப் பாருங்க, இருட்டுல நிக்குதுங்க.

கேள்வி: அங்கிள், பூமிதான் மேற்குல இருந்து கிழக்கா சுத்துதே, பிளேன் மேல போய் சும்மா நின்னா இந்தியா தானா கீழ வந்துடாதா? (பொங்கோல், பிரைமரி 5)

சூப்பர் கேள்விடா கண்ணா. பூமத்திய ரேகைகிட்ட தரை மணிக்கு கிட்டத்தட்ட 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, அப்படிப் பார்த்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள சென்னை வந்திருக்கணும். ஆனா காத்தும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது, அந்தக் காத்துல நிக்கிற பிளேனும் சேர்ந்தேதான் சுத்தும். எம்ஆர்டி ஓடறப்ப உள்ள குதிச்சுப் பாரு, குதிச்ச இடத்துலயேதான் இறங்குவே, ட்ரெயின் உன்னை விட்டுட்டுப் போகாது. குதிக்கிறப்ப பக்கத்துல ஆள் இல்லாம பாத்துக்க.

பூமியோட சேர்ந்து சுத்தறது போக மேல தனியா ஓடற காத்து இருக்கே, அந்த ஜெட் ஸ்ட்ரீம் மட்டும்தான் கணக்குல வரும். நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு சாதாரணமா ஏழு மணி நேரம், 2020 பிப்ரவரியில ஒரு புயல் சமயத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு 4 மணி 56 நிமிஷத்துல போய் இறங்கிடுச்சு. நம்ம சிங்கப்பூர், சென்னை எல்லாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கு, இங்க அந்த ஆறு ஓடறதில்ல, அதனால போக வர பெரிய வித்தியாசம் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்ட்டு வந்தா தெரியும், திரும்பறப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல கூடுதலா உக்காந்திருக்கணும்.

கேள்வி: கோலாலம்பூர் 300 கிலோமீட்டர்தானே, பிளேன் மணிக்கு 900 போகும்னா இருபது நிமிஷத்துல போகணும். டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போடறாங்களே, ஏமாத்தறாங்களா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ஏமாத்தல. டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் இல்ல, இங்க கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அங்க கேட்ல போய் நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போகணும், வரிசையில நிக்கணும், அப்புறம் ஏறணும், ஏறி முடிச்ச உடனே இறங்க ஆரம்பிக்கணும், 900 வேகத்தைத் தொடவே நேரம் இருக்காது. வானத்துல இருக்கிறது முக்கால் மணி நேரம் இருந்தாலே அதிகம். அதோட டைம்டேபிள்ல கொஞ்சம் இடம் விட்டுதான் போடுவாங்க, லேட்டா கிளம்பினாலும் சரியான நேரத்துக்கு வந்துட்டோம்னு சொல்லிக்கலாம்ல. பஸ்ல போறவங்க உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல நிக்கிற நேரத்தை நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா.

கேள்வி: கான்கார்ட் விமானம் சிங்கப்பூருக்கு வந்துச்சுன்னு என் நண்பர் அடிச்சு சொல்றார். பந்தயம் கட்டியிருக்கோம். (ஈசூன் வாசகர்)

நீங்க தோத்துட்டீங்க. 1977 டிசம்பர்ல லண்டன், பஹ்ரைன் வழியா பாயா லேபார் ஏர்போர்ட்டுக்கு வந்துச்சு. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயிண்ட், இன்னொரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயிண்ட். மலாக்கா நீரிணை மேல சத்தத்தோட வேகத்தைத் தாண்டி பறக்கக் கூடாதுன்னு மலேசியா ஆட்சேபிக்க, மூணே டிரிப்போட நின்னுச்சு, 1979ல திரும்ப ஆரம்பிச்சு 1980ல மொத்தமா முடிஞ்சது. நண்பருக்கு வாழை இலை சாப்பாடு வாங்கிக் குடுத்துடுங்க.

கேள்வி: நான் சின்ன வயசுல அம்மாகூட நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி வந்தவன். பினாங்கு வழியா ஒரு வாரம் ஆச்சுன்னு ஞாபகம். அதே தூரத்தை ஃப்ளைட் நாலு மணி நேரத்துல போகுதே, கப்பல் சுத்தி வந்துச்சோ? (பிடோக் வாசகர், வயது 79)

ஐயா வணக்கம். பெரிய சுத்து எல்லாம் இல்ல. கடல் வழியும் மூவாயிரம் கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். கப்பல் வேகம்தான் கம்மி. 12 நாட் வேகம்னு வச்சுக்குவோம், ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர், அப்போ மணிக்கு 22 கிலோமீட்டர். நம்ம ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல சைக்கிள் ஓட்டற பசங்க அதைவிட வேகமா போறானுங்க. 3,000ஐ 22ஆல வகுத்தா 136 மணி நேரம், அஞ்சரை நாளுக்கு மேல. பினாங்குலயும் கிள்ளான் துறைமுகத்துலயும் ஆளும் சரக்கும் இறக்கி ஏத்தற நேரத்தைச் சேர்த்தா நீங்க சொல்ற ஒரு வாரம் சரியா வந்துடுது. உங்க ஞாபகம் ஸ்க்ரூ கழண்ட என் குளோப்பை விட நல்லா இருக்கு. ரஜுலா 1926ல கட்டின கப்பல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடுச்சு. அதுக்கப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985ல தீப்பிடிச்சதோட கப்பல்ல ஊருக்குப் போற காலம் முடிஞ்சுபோச்சு. அந்தப் பயணத்துல டெக்ல என்ன சாப்பாடு போட்டாங்க, எங்க படுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கிறதை எழுதி அனுப்புங்க ஐயா, ஆசிரியர்கிட்ட நான் இடம் கேட்டு வாங்கறேன்.

கேள்வி: அம்மா திருச்சியில இருந்து காலை 6:15க்கு சாங்கி வர்றாங்க. நான் எத்தனை மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்? (செங்காங் வாசகி)

ஏழு மணிக்குப் போங்க, போதும். 6:15ங்கிறது கேட்ல வந்து நிக்கிற நேரம். அப்புறம் நடக்கணும், இமிக்ரேஷன், பெட்டி. ஊர்ல இருந்து வர்ற அம்மாக்கள் பெட்டி பெல்ட்ல எப்பவும் கடைசியாதான் வரும், அதுவும் கயிறு கட்டி. வர்றதுக்கு முன்னாடி எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க போடற படிவம்) ஆன்லைன்ல நீங்களே போட்டு வச்சிடுங்க, வர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள போடலாம், அம்மாவை அங்க நின்னு போன்ல தட்ட விடாதீங்க. நீங்க அதுவரைக்கும் கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு இருங்க.